பிந்தாதோ ஓடையைத் திறந்த வருஷம்

ஊரைக் காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது முறையல்ல. என் அண்ணன் ரோமுலோ முதல் ஆளாகப் போட்டான். அவன் மனைவி எனில்சா போடவில்லை. எங்கள் ஊர் போக்கா சேக்காவில் நாற்பத்தொரு வீடுகள். இருபத்தாறு வீட்டார் போட்டோம்.

பதினான்கு மாதம் தண்ணீருக்குள் கிடந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? லா மொஹானா என்ற இந்த ஆற்றுச் சதுப்பில் பிறந்தவனுக்கு வெள்ளம் புதிதல்ல. மே மாதம் ஏறும், ஆகஸ்டில் இறங்கும், மீனையும் வண்டலையும் விட்டுவிட்டுப் போகும். இப்போது மழை தன் பழைய நடையை விட்டுவிட்டது. ஒரு வருஷம் குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. அடுத்த வருஷம் டிசம்பரில், நெல் காய வேண்டிய வெயிலில், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அப்படி ஊற்றிய ஒரு வருஷத்தில்தான் மேலே பெரிய ஆற்றின் தடுப்புக்கரை உடைந்து தண்ணீர் எங்கள் மேல் வந்து உட்கார்ந்தது. கோழிகள் கூரை மேல் முட்டையிட்டன. அடுப்பைப் பலகை மேல் தூக்கி வைத்தோம், பிறகு பலகையைத் தூக்கினோம், பிறகு தரையையே தூக்கினோம்.

நான் மோட்டார் படகு ஓட்டுகிறவன். காய்ச்சல்காரர்களை நகரத்துக்குக் கொண்டுபோவதும் அதிகாரிகளை ஊருக்குக் கொண்டுவருவதும் என் வேலை. எங்களிடம் கையெழுத்து வாங்கிய லிசாந்த்ரோ என்ற இளம் அதிகாரியை நான்தான் மூன்றாவது முறையாக எனில்சா அண்ணியின் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினான்.

"உங்க வீட்டுக்காரர் போட்டுட்டாரும்மா. நீங்களும் போட்டா மேட்டுல செங்கல் வீடு. தண்ணியே வராது."

"மேட்டுல மீன் இருக்கா?"

"அங்க வேற வேலை பாக்கலாம்."

"என்ன வேலை?"

அவன் கோப்பின் தாள்களைப் புரட்டினான். "பயிற்சி குடுப்பாங்க."

"எனக்குப் பயிற்சி இருக்கு தம்பி. இந்தத் தண்ணிக்குத்தான் போக்கிடம் இல்ல. எங்க போறதுன்னு தெரியாம என் அடுப்படியில வந்து நிக்குது. அதுக்கு ஒரு வழியைத் தொறந்து விடுங்க. உங்க தாள்ல பத்துக் கையெழுத்து போடறேன்."

லிசாந்த்ரோ என்னைப் பார்த்தான். நான் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்த வாரமே அண்ணன் தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு சின்செலேஹோ பட்டணத்துக்குப் போய் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். அண்ணி அவனைத் தடுக்கவும் இல்லை, வழியனுப்ப வரவும் இல்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆகாயத்தாமரை அடர்ந்து மிதந்தது. சமையல் கழிவை அதன் மேல்தான் கொட்டுவாள். ஒருநாள் அதில் பூசணி முளைத்து, கொடி ஓடி, பூத்திருந்தது. மூங்கிலை வெட்டி அந்தத் தாமரைத் திட்டைச் சுற்றிச் சட்டம் கட்டினாள். மேலே இன்னும் தாமரையை வெட்டிப் போட்டு மிதித்து, அது மட்கியதும் குளத்து வண்டலை வாரிப் பரப்பினாள். வெங்காயத்தாள், மிளகாய், பயறு, பூசணி எல்லாம் போட்டாள். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறியது.

எதிர்வீட்டு ஓசிரிஸ் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். தன் வீட்டு ஜன்னலில் இருந்து கத்துவாள்: "ஏண்டி, காத்தடிச்சா உன் மிளகாய்த் தோட்டம் என் வீட்டுக்கு வந்துரும். அப்புறம் என்னைத் திருடின்னு சொல்லாத."

"வந்தா பறிச்சுக்க. தண்ணி ஊத்த வேண்டிய வேலை மட்டும் இல்லை, பாத்துக்க."

ஒரு மாதத்தில் ஓசிரிஸும் ஒன்று கட்டினாள். பிறகு ஆறேழு வீடுகளில் கட்டினார்கள்.

நெல்லிலும் அதேதான் நடந்தது. கம்பெனி விதை போட்ட வயல்கள் எல்லாம் மூழ்கி அழுகின. அண்ணி வயலின் ஓரத்தில், கோழித்தீனிக்கென்று விட்டிருந்த சிவப்பு நெல் மட்டும் சாகவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் அது இடுப்புக்கு வளர்ந்தது. இடுப்புக்கு வந்தால் மார்புக்கு. படகில் இருந்தபடி கதிரைக் கொய்து வந்தாள். அந்த நெல்லுக்குப் பெயர் எதுவும் இல்லை. "பிடிவாதக்காரி" என்று ஓசிரிஸ் பெயர் வைத்தாள். நெல்லுக்கு வைத்தாளா அண்ணிக்கு வைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு காலையில் அண்ணி என் படகில் ஏறினாள். "தாமாரா கரைக்கு விடு" என்றாள்.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரை ஒட்டிப் பிந்தாதோ என்று ஓர் ஓடை இருந்தது. ஆறு பெருகினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாகப் பின்னால் இருந்த பெரிய ஏரிக்குப் போய்ப் பரவும், ஆறு இறங்கினால் அதே வழியாகத் திரும்பி வரும். அறுபது வருஷத்துக்கு முன் தாமாரா குடும்பம் ஏரியின் வாயில் குறுக்கே ஒரு மண்கரை போட்டு, ஏரியை மாட்டு மேய்ச்சலாக்கிக்கொண்டது. ஓடை தூர்ந்தது. ஊருக்குப் போக்கா சேக்கா, அதாவது காய்ந்த வாய், என்று பெயர் வந்ததே அதற்குப் பிறகுதான்.

கரைக்கு முப்பது அடி தள்ளி அவள் சொன்னாள், "இஞ்சினை நிறுத்து."

நிறுத்தினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. பொக்காச்சிகோ மீன்கள், ஆயிரக்கணக்கில், மண்கரையின் அடியில் முட்டிக்கொண்டிருந்தன. முட்டுவதும் திரும்புவதும் மறுபடி வந்து முட்டுவதுமாகத் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது.

"அறுபது வருஷமா மூடிக் கெடக்கு. இன்னமும் இந்த எடத்துக்குத்தான் வருதுங்க" என்றாள்.

"மீனுக்கு என்ன அண்ணி தெரியும்?"

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சதை விடக் கூடத் தெரியும்."

அன்று மதியமே கரைமேல் நடந்து தாமாரா பண்ணை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பண்ணையார் தோன் எவாரிஸ்தோ தாமாரா வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, கனத்த உடம்பு. எங்களுக்குக் கறுப்புக் காப்பி வரவழைத்தார். அதில் குறை சொல்ல முடியாது.

"தோன் எவாரிஸ்தோ, கரையில ஒரு எடத்தைத் தொறந்து விடணும்" என்றாள் அண்ணி.

"உன் வீட்டுக்குத் தண்ணி வருதுன்னா வீட்டை ஒசத்திக் கட்டு."

"மூணு தடவை ஒசத்திட்டேன். நாலாவது தடவை ஒசத்தினா கூரையில தலை இடிக்கும். உங்க மாடு எத்தனை செத்துச்சு?"

அவருடைய மேற்பார்வையாளன் வாதித் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செத்த மாடுகளை இழுத்துப் போட்டவன் அவன்தான்.

"தண்ணி உங்க கரையைத் தாண்டி உள்ள வந்துச்சு. வெளிய போக முடியலை. உள்ளயே நின்னு நாறிடுச்சு. மாட்டுக் குளம்பெல்லாம் அழுகுச்சு. அந்தக் கரைதான் எங்களையும் முக்குச்சு, உங்களையும் முக்குச்சு. தொறந்து விட்டா ஏரியில பரவி முழங்கால் தண்ணிதான் நிக்கும். ஆறு எறங்குனா தானே போயிடும்."

"அது எங்க அப்பா போட்ட கரை."

"ஓடை யாரு போட்டது?"

அவர் சிரித்தார். உண்மையாகவே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "சரிம்மா. நீங்க பொம்பளைங்க எல்லாம் மம்மட்டி எடுத்து ஓடையைத் தோண்டுங்க. என் கரை வரைக்கும் தோண்டிக்கங்க. வாதித், இவங்களை யாரும் தடுக்காத."

திரும்பும்போது அண்ணி சொன்னாள்: "கேட்டுக்கிட்டியா? அனுமதி குடுத்துட்டாரு. சாட்சி நீ."

ஜனவரியில் தண்ணீர் முழுவதும் இறங்கியதும் தொடங்கினார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர். பதினேழு பெண்கள், நான்கு ஆண்கள். முதல் மாதம் நான் இல்லை. கையெழுத்துப் போட்டவன், மேட்டு வீட்டுக்காகக் காத்திருப்பவன், எதற்கு மண் அள்ள வேண்டும்? படகில் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். ஓசிரிஸ் விடமாட்டாள். "மேட்டு வீட்டு முதலாளி போறாரு, வணக்கம் வையுங்கடி" என்பாள். எல்லோரும் மம்மட்டியைத் தூக்கி வணக்கம் வைப்பார்கள்.

பிப்ரவரியில் படகை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஒரு கூடையைக் கையில் கொடுத்தார்கள்.

அள்ளிய மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி, அது சரியாமலிருக்க மரம் நட்டோம். தூங்குமூஞ்சி, கொய்யா, நீரில் வேர் நின்றாலும் அழுகாத ஆற்றோர மரங்கள். நட்ட நான்காம் நாள், எலி இனத்தில் பன்றி அளவு வளரும் நீர்ப்பன்றிகள் கூட்டமாக வந்து பாதிக் கன்றுகளைத் தின்றுவிட்டன. ஓசிரிஸ் கன்றின் மொட்டைத் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். துப்பாக்கி கொண்டு வருகிறேன் என்றார் ஒருவர்.

"வேணாம்" என்றாள் அண்ணி. "அதுங்க ஓடைக்குத் திரும்பி வந்துடுச்சுன்னா ஓடை சரியாத்தான் வருதுன்னு அர்த்தம். தண்ணியோரமா அதுங்களுக்கு ஒரு வரிசை நடுவோம். மேல நமக்கு ஒரு வரிசை, முள்வேலி போட்டு."

அப்படித்தான் நட்டோம். கீழ் வரிசையை அவை தின்றன. தின்னத் தின்ன அது புதராகக் கிளைத்தது.

புனித வாரத்தில் என் அண்ணன் வந்தான். கையில் அந்த வாரத்துக்கென்று செய்யும் பீன்ஸ் இனிப்பு ஒரு பை, உடம்பில் புதுச் சட்டை. மூன்று நாள் இருந்தான். முதல் நாள் ஓடைக்கரையில் நின்று பார்த்தான்.

"எனில்சா, இது ஒரு சுவத்துல போய் முட்டுற ஓடை. தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"அங்க தண்ணி கொழாயில வருது. நீ வந்தா போதும்."

"ரோமுலோ, நீ அங்க நல்லா தூங்குறியா?"

அவன் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து ஓடையில் போட்டான். "பட்டறைச் சத்தம்" என்றான் கடைசியில். மறுநாள் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினான். இரண்டு நாள் தோண்டினான். எங்கள் எல்லோரையும் விட வேகமாகத் தோண்டினான். மூன்றாம் நாள் கை முழுக்கக் கொப்புளத்தோடு என் படகில் ஏறித் திரும்பிப் போனான். அவனைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் அவனுக்குள் என்னவோ உடைந்திருந்தது. எல்லோருக்கும் அது திரும்ப ஒட்டுவதில்லை.

அந்த வருஷம் மழை மே வரை காத்திருக்கவில்லை. ஏப்ரல் கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. ஆறு ஏறியது. நாங்கள் தோண்டிய ஓடையில் தண்ணீர் ஓடி வந்தது. சிலர் கைதட்டினார்கள். அது ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி, தாமாரா கரையில் முட்டி, நின்று, பின்வாங்கி ஊருக்குள் வந்தது. முன்பெல்லாம் வருவதைவிட ஐந்து நாள் சீக்கிரம்.

சபைக் கூடத்தில் ஊர் கூடியது. கணுக்கால் தண்ணீரில் பெஞ்சுகள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான எலியேசர், இரண்டு மாடு வைத்திருப்பவர், எழுந்து அவள் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "நீ தோண்டினதாலதானே தண்ணி இவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?"

"ஆமா" என்றாள் அண்ணி.

யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"நான் தோண்டினதாலதான் வந்துச்சு. பாதி வேலைதான் செஞ்சிருக்கோம். மிச்சப் பாதி அந்தக் கரை. வெட்டணும்."

"போலீஸ் புடிச்சிட்டுப் போகும்."

"போகட்டும். ராத்திரியில போய் வெட்டினா அது திருட்டு. பகல்ல, நேரம் சொல்லிட்டு வெட்டுவோம். வியாழக்கிழமை, காலையில பத்து மணி."

அப்படியே ஒரு கடிதம் எழுதினாள். ஏரி யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து என்று சட்டம் சொல்வதையும், வெட்டப்போகும் நாளையும், நேரத்தையும், இடத்தையும் குறித்து, தன் முழுப் பெயரையும் எழுதிக் கீழே கையெழுத்திட்டாள். ஒன்று நகர இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று தோன் எவாரிஸ்தோவுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

வியாழன் காலை இன்ஸ்பெக்டரையும் இரண்டு போலீஸ்காரர்களையும் நகரத்தில் இருந்து ஏற்றி வந்ததும் நான்தான். என் தொழில் அது. இன்ஸ்பெக்டர் வயதானவர், மூட்டுவலிக்காரர், வழியெல்லாம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "உன் அண்ணி நல்லா எழுதுறா" என்றார். "தேதி, நேரம் எல்லாம் போட்டுக் குத்தம் செய்யறவளை நான் பார்த்ததில்ல."

நாங்கள் போனபோது கரைமேல் ஐம்பது பேருக்குமேல் இருந்தார்கள். எலியேசரும் இருந்தார். எதிரே வாதித், குதிரைமேல், மடியில் துப்பாக்கி, பின்னால் மூன்று ஆட்கள். தோன் எவாரிஸ்தோ வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தடை உத்தரவை உரக்க வாசித்தார். அண்ணி கடைசி வரி வரை கேட்டாள். பிறகு வாதித்தைப் பார்த்து, "மாடுங்களை மேட்டுக்கு ஓட்டிட்டியா?" என்றாள்.

"நேத்தே ஓட்டிட்டேன்" என்றான் வாதித். "கடுதாசி வந்ததுமே."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அவன் ஆட்களும் பார்த்தார்கள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது போலும். துப்பாக்கியை எடுத்துச் சேணத்தின் உறையில் செருகினான். "இன்னொரு தடவை செத்த மாட்டை இழுக்க என்னால முடியாது" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னான்.

அண்ணி கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். ஒரு போலீஸ்காரன் முன்னால் நகர்ந்தான். ஓசிரிஸ் அவனுக்கு எதிரில் போய் நின்று தானும் மம்மட்டியை மண்ணில் இறக்கினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எலியேசர்.

"நீ படகுலயே இரு" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். இருந்தேன். சில நிமிஷம்தான் இருந்தேன். பிறகு கயிற்றை ஒரு வேரில் கட்டிவிட்டு இறங்கிப் போய் மம்மட்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நாங்க எப்படித் திரும்புறது?" என்று மட்டும் கேட்டார்.

"வேலை முடிஞ்சதும் கொண்டுவிடறேன் ஐயா."

கண்டபடி வெட்டவில்லை. நான்கு கெஜ அகலத்துக்கு இரண்டு பக்கமும் முதலில் மரக்கம்பங்களை அடித்து, மண்மூட்டை அடுக்கி, நடுவில் மட்டும் வெட்டினோம். இல்லாவிட்டால் தண்ணீர் கரையை மொத்தமாக அரித்துக்கொண்டு போய்விடும். மதியம் ஆகிவிட்டது. முதலில் நூல்போல் ஒரு கசிவு. பிறகு விரல் தடிமன். பிறகு மீதி மண்ணைத் தண்ணீரே தள்ளிக்கொண்டது. எல்லோரும் பக்கவாட்டில் ஏறி நின்றோம். பழுப்புத் தண்ணீர் புல்வெளிக்குள் நாக்கை நீட்டி நீட்டிப் போயிற்று. அதன் முதுகில் மீன்கள். குதித்தும் உருண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் போயின. ஓசிரிஸ் அழுதாள். அதைச் சொன்னால் இன்றும் என்னை அடிக்க வருவாள்.

அண்ணி கடப்பாரையைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள். "முடிஞ்சுதுங்க. போலாம்."

போலீஸ் நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பெண்கள் முறை வைத்துப் பொரித்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுபோனார்கள். போலீஸ்காரர்களும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது ஊரில் தண்ணீர் ஒன்றரைச் சாண் இறங்கியிருந்தது. அந்த வருஷம் ஆறு அதற்குப் பிறகும் இருமுறை பெருகியது. தாழ்ந்த நாலைந்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மற்ற வீடுகளில் படியோடு நின்றது.

ஏரியில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஜூலையில் சீழ்க்கைச் சிறகி வாத்துகள் வந்தன. எங்கிருந்து, எப்படித் தெரிந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் ஆறு இறங்க, ஏரித் தண்ணீர் வெட்டிய வாய் வழியாகத் திரும்பிப் போனது. வண்டல் படிந்த நிலத்தில் மூன்றே வாரத்தில் புல் வந்தது. மாட்டின் வயிறு மறையும் உயரம் என்று வாதித் சந்தையில் சொன்னான். தோன் எவாரிஸ்தோ வெட்டிய இடத்தை அடைக்கவும் இல்லை. ஆனால் அண்ணி மேல் போட்டிருந்த வழக்கை வாபஸ் வாங்கவும் இல்லை. ஆண்டுக்கு ஐந்து மாதம் அவருடைய மேய்ச்சலில் பாதி தண்ணீருக்கடியில். அந்த இழப்பு பொய்யில்லை.

எல்லோரும் தங்கவில்லை. ஒன்பது குடும்பங்கள் மேட்டு வீட்டுக்குப் போயின. என் கையெழுத்தை அடிக்கச் சொல்லி நான் அலுவலகத்துக்குப் போனேன். அதற்குப் படிவம் இல்லை என்றார்கள்.

அக்டோபரில் விசாரணை. நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு பெண், அண்ணியைவிட இளையவர். தோன் எவாரிஸ்தோ வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். உள்ளே வரும்போது அண்ணிக்குத் தலையசைத்தார், அவளும் அசைத்தாள்.

"கரையை வெட்டினது நீங்கதானா?"

"நானும் அம்பது பேரும்."

"உத்தரவை வாசிச்சுக் காட்டினாங்களா?"

"நல்லா வாசிச்சாரு. முழுசாக் கேட்டேன்."

"கேட்டும் வெட்டினீங்க."

"தண்ணி கேக்கலையேம்மா. அது வந்துக்கிட்டே இருந்துச்சு. இனிமேலும் வரும். போன வருஷம் மாதிரி இல்ல, அதுக்கு முந்தின வருஷம் மாதிரியும் இல்ல. எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா போக வழி இருக்கணும்."

"அந்த இடத்தை மறுபடி மூடச் சொல்லி நான் உத்தரவு போட்டா?"

எங்கள் வக்கீல், இலவசமாக வந்த இளைஞன், அவள் முழங்கையைத் தொட்டான்.

"மூடினா மறுபடி வெட்டுவேன்" என்றாள் அண்ணி. "தேதி, நேரம் எழுதி உங்களுக்கும் ஒரு கடுதாசி அனுப்புவேன்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, நிபுணர்கள் வந்து ஏரியைப் பார்க்க வேண்டும், அதுவரை இருப்பது அப்படியே இருக்கட்டும், அடுத்த விசாரணை நவம்பர் இருபது என்றார்.

"நவம்பர்ல முடியாதுங்க" என்றாள் அண்ணி. "அறுப்பு இருக்கு. இந்தத் தடவை இருபது வீட்டுல சிவப்பு நெல் போட்டிருக்கோம்."

நீதிபதி அவளைப் பார்த்தார், பிறகு தோன் எவாரிஸ்தோவைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். தேதியை அடித்துவிட்டு ஜனவரி என்று எழுதினார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. துறைக்குப் போகும் வழியில் இரும்புக் கடை ஒன்றில் அண்ணி நின்றாள். ஓடையின் நடுவளைவில் வண்டல் சேர ஆரம்பித்திருக்கிறது, ஜனவரிக்குள் அள்ள வேண்டும் என்றாள். நான்கு மம்மட்டிகள் வாங்கினோம்.